மின்னோட்ட–மின்னழுத்த வரைபடத்தில் அலையின் இடம் அயனியின் பெயரைச் சொல்லிவிடுமா?

வாசகர் ஒருவரின் கேள்வி, பிப்ரவரி 4

போலரோகிராபியில், அதாவது சொட்டும் பாதரசத் துளியை மின்வாயாகக் கொண்டு மின்னழுத்தத்தை மாற்றிக்கொண்டே மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் முறையில், மின்னோட்டம் படிபோல் ஏறுவதை அலை என்கிறார்கள். ஒவ்வொரு உலோக அயனிக்கும் தனக்கே உரிய அரைஅலை மின்னழுத்தம் (அலையின் நடுப்புள்ளிக்குரிய மின்னழுத்தம்) உண்டு என்றும், அலையின் உயரம் செறிவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்றும் பாடநூலில் படித்தேன். அப்படியானால், அறியாத கரைசல் ஒன்றின் வரைபடத்தை ஒரே ஒரு முறை பதிவு செய்து அட்டவணையோடு ஒப்பிட்டாலே எந்த அயனி, எவ்வளவு என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிட வேண்டும். பிறகு எதற்கு இத்தனை கரைசல்கள், இத்தனை முறைகள்?

பிப்ரவரி 4, மாலை

கிடைக்காது. பாடநூலில் தவறு ஏதும் இல்லை. ஆனால் "0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடில்", "நிறைவுற்ற கலோமெல் மின்வாயை ஒப்பிட்டு" என்று அட்டவணையின் தலையில் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும் சொற்களைத் தாண்டி நேரே எண்களுக்குப் போய்விட்டால் இப்படித்தான் தோன்றும். கலோமெல் மின்வாய் என்பது மற்ற மின்னழுத்தங்களை ஒப்பிட்டு அளப்பதற்கான, தன் மின்னழுத்தம் மாறாத மின்வாய். அட்டவணையின் அந்த எண், அயனி குறிப்பிட்ட ஊடகத்தில் எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவத்துக்கு உரியது.

ஈயத்தையும் தாலியத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். 0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடில், பாதரசத் துளி மின்வாயில், ஈயத்தின் அலை −0.40 வோல்ட்டிலும் ஒற்றை நேர்மின்சுமை கொண்ட தாலியத்தின் அலை −0.46 வோல்ட்டிலும் நடுப்புள்ளி கொள்கின்றன. இடைவெளி 60 மில்லிவோல்ட் மட்டுமே என்பதால், இரண்டும் கலந்திருக்கும் கரைசலில் ஓர் அலை முடிவதற்கு முன்பே மற்றது ஏறத் தொடங்கிவிடும். பார்ப்பவருக்குச் சற்றுச் சாய்வான ஒரே அலையாகத்தான் அது தெரியும். அதே மாதிரியை 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு ஊடகத்தில் எடுத்தால், ஈயம் ஹைட்ராக்சைடோடு அணைவு கொண்டு −0.76 வோல்ட் வரை தள்ளிப் போகிறது. தாலியமோ ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நிற்கிறது. இப்போது அலைகள் இரண்டு என்பதில் ஐயமில்லை, எது எது என்பதிலும் ஐயமில்லை.

முதல் வரைபடம் எழுப்பிய கேள்விக்கு, ஊடகத்தை மாற்றி எடுத்த இரண்டாவது வரைபடம் விடை தந்தது. "எதற்கு இத்தனை கரைசல்கள்" என்று கேட்டீர்கள், இதற்குத்தான்.

பிப்ரவரி 4, இரவு

சிறிய எழுத்து என்று சொன்னதால் இதையும் சேர்த்துவிடுகிறேன். இன்று பல ஆய்வகங்களில் கலோமெல் மின்வாய்க்குப் பதிலாக வெள்ளி–வெள்ளிக் குளோரைடு மின்வாய்தான் இருக்கிறது. நிறைவுற்ற பொட்டாசியம் குளோரைடில் அதன் மின்னழுத்தம் 25 பாகை செல்சியசில் சுமார் +0.197 வோல்ட், நிறைவுற்ற கலோமெலுக்குச் சுமார் +0.241 வோல்ட். வேறுபாடு 44 மில்லிவோல்ட். மேலே சொன்ன தாலிய அலையை வெள்ளி மின்வாயை ஒப்பிட்டு அளந்தால் −0.42 வோல்ட் என்று வரும். அந்த எண்ணைக் கலோமெல் அட்டவணையில் தேடுபவர் கண்ணில் முதலில் படுவது ஈயம்.

பிப்ரவரி 5

உயரத்தைப் பற்றி. ஸ்லோவாக்கிய இயற்பியலாளர் இல்கோவிச் 1934-இல் தந்த சமன்பாட்டின்படி, சராசரி விரவல் மின்னோட்டம் (செறிவு வேறுபாட்டால் மட்டும் அயனிகள் பரவி மின்வாயை அடைவதால் வருவது) என்பது 607 என்ற மாறிலியை எலக்ட்ரான் எண்ணிக்கை, விரவல் குணகத்தின் வர்க்கமூலம், பாதரசப் பாய்வு வீதத்தின் மூன்றில் இரண்டு அடுக்கு, துளி ஆயுளின் ஆறில் ஒரு அடுக்கு, செறிவு ஆகியவற்றோடு பெருக்கக் கிடைப்பது. எண்களைப் போட்டுப் பார்த்தால் உறுத்தாமல் புரியும். 1 மில்லிமோலார் காட்மியம், நொடிக்கு 2 மில்லிகிராம் பாதரசம், 4 நொடி வாழும் துளி என்று வைத்துக்கொண்டால் மின்னோட்டம் ஏறத்தாழ 6.5 மைக்ரோஆம்பியர் வரும்.

இந்த நேர்விகிதம் தானாக வந்துவிடுவதில்லை. அயனி மின்வாயை வந்தடையும் வழி விரவல் ஒன்றாக மட்டுமே இருக்கும்படி நாம் கட்டாயப்படுத்த வேண்டும். துணை மின்பகுளி (தான் வினையில் சேராமல் மின்சாரத்தை மட்டும் சுமக்கும் உப்பு) இல்லாமல் ஈயக் கரைசலை அளந்தால், நேரயனிகளை மின்புலமும் சேர்த்து இழுப்பதால் மின்னோட்டம் ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். குரோமேட்டு போன்ற ஓர் எதிரயனி எதிர்மின்வாயில் ஒடுங்கும்போது அதே மின்புலம் அதை விலக்கித் தள்ளுவதால் மின்னோட்டம் குறைந்துபோகும். அளக்கும் அயனியைப்போல் ஐம்பது முதல் நூறு மடங்கு பொட்டாசியம் குளோரைடைச் சேர்ப்பது, கரைசலில் மின்சாரத்தைச் சுமக்கும் வேலையை அதனிடம் ஒப்படைப்பதற்காகத்தான். வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தால் விரவல் மின்னோட்டம் சுமார் ஒன்றரை விழுக்காடு உயரும் என்பதால், காலையில் எடுத்த தரக்கரைசலின் அளவீட்டுக்கோட்டைப் பிற்பகலின் மாதிரிக்குப் பொருத்துவதற்கு முன் வெப்பமானியை ஒரு முறை பார்ப்பது நல்லது.

பிப்ரவரி 6

"நைட்ரஜன் விடாமலே எனக்கு நல்ல அலைகள் வந்தன" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வந்திருக்கும். கரைசலில் நைட்ரஜனை விடுவதே கரைந்த ஆக்சிஜனை வெளியேற்றத்தான். அந்த ஆக்சிஜன் மிக நேர்த்தியான அலைகளைத் தரும். அதுவும் ஒன்றல்ல, இரண்டு. முதல் அலை ஹைட்ரஜன் பெராக்சைடு வரை, கலோமெலை ஒப்பிட்டுச் சுழிக்குச் சற்றுக் கீழே. இரண்டாவது அலை நீர் வரை, −0.9 வோல்ட்டை ஒட்டி. காற்றோடு சமநிலையில் உள்ள நீரில் சுமார் 0.25 மில்லிமோலார் ஆக்சிஜன் கரைந்திருக்கிறது. குடிநீரில் ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் தரும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், அதாவது சுமார் 4.8 × 10⁻⁸ மோலார். ஆக்சிஜன் அதைப்போல் ஐயாயிரம் மடங்கு. அவர் கண்ட அலைகள் எவருடையவை என்பதை அவரே முடிவு செய்துகொள்ளட்டும்.

காரக் கரைசலாக இருந்தால் நைட்ரஜனுக்குப் பதிலாகச் சோடியம் சல்பைட்டு சேர்த்தும் ஆக்சிஜனை நீக்கலாம். அமிலக் கரைசலில் கூடாது. கந்தக டைஆக்சைடு உருவாகி, அது தன் பங்குக்கு ஓர் அலையைக் கொண்டுவந்து வைக்கும்.

பிப்ரவரி 8

பிப்ரவரி 4-இல் முதல் வரைபடம் கேள்வியை மட்டுமே எழுப்பும் என்று எழுதியதை இப்போது படிக்கும்போது, அந்த ஒற்றை வரைபடத்துக்கு உரிய மதிப்பை நான் தரவில்லை என்று படுகிறது. அலையின் இடத்தையும் உயரத்தையும் பார்க்கிறோம். சாய்வைப் பார்க்க மறந்துவிடுகிறோம். மீள்தன்மை கொண்ட (இரு திசையிலும் விரைந்து நடக்கும்) மின்வாய் வினையில், மின்னோட்டம் எல்லை மின்னோட்டத்தின் (அலை ஏறி முடிந்ததும் நிலைக்கும் அளவின்) கால் பங்காக இருக்கும் இடத்துக்கும் முக்கால் பங்காக இருக்கும் இடத்துக்கும் உள்ள மின்னழுத்த வேறுபாடு, 25 பாகையில், 56 மில்லிவோல்ட்டை எலக்ட்ரான் எண்ணிக்கையால் வகுத்த அளவு. ஈயத்துக்கு இரண்டு எலக்ட்ரான்கள் என்பதால் 28 மில்லிவோல்ட், தாலியத்துக்கு 56. ஆகவே −0.4 வோல்ட்டை ஒட்டித் தனியாக நிற்கும் ஓர் அலையை அளவுகோலும் பென்சிலும் கொண்டே ஈயமா தாலியமா என்று ஓரளவு பிரித்துச் சொல்லிவிடலாம். இரண்டும் கலந்திருந்தால் சாய்வு இரண்டிலும் சேராமல் வரும். அப்படி வருவதே, உள்ளே ஒன்றுக்கு மேல் இருக்கலாம் என்பதற்கான எச்சரிக்கை. நிக்கல் மட்டும் இந்தக் கணக்கில் அடங்காது. பொட்டாசியம் குளோரைடில் நிக்கலின் ஒடுக்கம் மெதுவாக நடப்பதால் அதன் அலை நீண்டு படுத்துவிடும். அதைக் கொண்டு எலக்ட்ரான்களை எண்ணப் போனால் இரண்டைவிடக் குறைவான ஏதோ ஒரு பின்னம்தான் கிடைக்கும்.

இதோடு இன்னொரு சோதனையும் உண்டு. இப்போது எவரும் செய்வதில்லை, ஆனால் எனக்குப் பிடித்தது. துளிக்குப் பாதரசம் ஊட்டும் குப்பியை உயர்த்தித் தாழ்த்துவதுதான் அந்தச் சோதனை. விரவல் மின்னோட்டம் பாதரசத் தம்ப உயரத்தின் வர்க்கமூலத்தோடு போகும். தம்பத்தை 36 சென்டிமீட்டரிலிருந்து 64-க்கு உயர்த்தினால் 6.0 மைக்ரோஆம்பியர் 8.0 ஆக வேண்டும். மாறாமல் அப்படியே இருந்தால், மின்வாயை அடையும் முன் கரைசலிலேயே நடக்கும் ஒரு மெதுவான வேதிவினைதான் மின்னோட்டத்தைத் தீர்மானிக்கிறது. 10.7-க்குத் தாவினால், ஏதோ ஒன்று துளியின் பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. மூன்று நிலையிலும் வரைபடத்தின் தோற்றம் ஒன்றாகவே இருக்கக்கூடும் என்பதையும், அவற்றில் ஒன்றில் மட்டுமே உயரத்தை அப்படியே செறிவாகப் படிக்கலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பிப்ரவரி 8, சற்றுப் பின்னர்

அலை தொடங்கியதும் மின்னோட்டம் கொம்பு முளைத்ததுபோல் மேலேறித் திடீரென்று விழுவதைப் பற்றிக் கேட்டவருக்கு: அது புதிய அயனி அன்று. துளியின் பரப்பு இழுவிசை ஓரிடத்துக்கு ஓரிடம் மாறுபடுவதால் அதை ஒட்டிய கரைசல் சுழல்கிறது, அயனிகள் விரவலைவிட வேகமாக வந்து சேர்கின்றன. 0.005 விழுக்காட்டை ஒட்டி ஜெலட்டின் சேர்த்தால் கொம்பு மறையும். கொம்பு போன மகிழ்ச்சியில் இன்னும் கொஞ்சம் சேர்க்கும் ஆசையை அடக்க வேண்டும். மிகுந்தால் விரவல் மின்னோட்டத்தையே குறைத்துவிடும்.

பிப்ரவரி 10

இன்றைய நாளுக்காக ஒரு சிறு விலகல். 1922 பிப்ரவரி 10 அன்று பிராகில் யாரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி, நுண்துளைக் கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டும் பாதரசத் துளிகளின் வழியே ஓடிய மின்னோட்டத்தை மின்னழுத்தத்தின் படிகளுக்கு ஏற்ப அளந்து, இந்த முறைக்கே தொடக்கம் தந்தார். அந்தக் காலத்தில் ஒவ்வொரு புள்ளியையும் கையால்தான் அளக்க வேண்டும். அந்தச் சலிப்பிலிருந்து விடுபட, 1924-இல் அவரும் ஜப்பானியரான மசுசோ ஷிகாதாவும் சேர்ந்து, வரைபடத்தை ஒளிப்படத் தாளில் தானே பதியும் கருவியை அமைத்தார்கள். 1959-இல் ஹெய்ரோவ்ஸ்கிக்கு வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

துளி மின்வாயோடு பழகாதவர்களுக்கு அதன் அருமை எளிதில் புரியாது. நுனியில் ஒரு மணி பருத்துக்கொண்டே வருகிறது, சில நொடிகளில் அறுந்து விழுகிறது, உடனே அடுத்த மணி. அதற்கு இசைவாகப் பதிவுக் கோடு ஏறி ஏறிச் சரிந்து ரம்பப் பல்லைப்போல் ஓடுகிறது. முந்தைய துளியில் படிந்த அழுக்கு எதுவும் அடுத்ததற்கு வருவதில்லை. மின்வாய் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கிறது. பாதரசத்தில் ஹைட்ரஜன் வெளிவர மிகுதியான மின்னழுத்தம் வேண்டும் என்பதால், −1.0 வோல்ட்டில் இருக்கும் துத்தநாகத்தையும் நீர்க் கரைசலில் நிம்மதியாக அளக்கலாம். நேர்ப் பக்கத்தில் அந்தச் சலுகை இல்லை. பாதரசமே ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடும்.

அந்தக் குழாயைக் கையாள்வது தனிக் கலை. கரைசலுக்குள் நுனி இருக்கும்போதே பாதரசத்தை நிறுத்தினால் கரைசல் நுண்துளைக்குள் ஏறி உலர்ந்து, குழாய் அத்தோடு முடிந்தது. துளி விழுந்துகொண்டிருக்கும்போதே வெளியே எடுத்து, காய்ச்சி வடித்த நீரால் கழுவி, அதன் பிறகே நிறுத்த வேண்டும் என்று எனக்குக் கற்பித்தவர், வேதியியலைவிட இதைத்தான் அழுத்திச் சொன்னார்.

பிப்ரவரி 13

மேலே இரண்டு எண்களைத் தனித்தனியே தந்துவிட்டேன். அவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். 1 மில்லிமோலாருக்கு 6.5 மைக்ரோஆம்பியர் என்றால், குடிநீர் வழிகாட்டு அளவிலுள்ள ஈயத்துக்கு மைக்ரோஆம்பியரில் பத்தாயிரத்தில் மூன்று பங்கு அளவே மின்னோட்டம் வரும். ஆனால் துளி வளரும்போது அதன் பரப்பை மின்னேற்றம் செய்யவே 0.1 மைக்ரோஆம்பியர் அளவுக்கு ஒரு மின்னோட்டம் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே எளிய நேர்மின்னோட்டப் போலரோகிராபி 10⁻⁵ மோலாரை ஒட்டித் தடுமாறத் தொடங்குவதற்குக் காரணம் கருவியின் நுட்பக் குறைவு அன்று. நாம் தேடும் மின்னோட்டத்தை வேறொரு மின்னோட்டம் மூழ்கடித்துவிடுகிறது.

இதிலிருந்து தப்ப இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, சரியான கணத்தில் அளப்பது. மின்னழுத்தத்தைச் சட்டென்று ஒரு படி மாற்றினால் மின்னேற்ற மின்னோட்டம் அடுக்குக்குறி வேகத்தில் அடங்கிவிடும், விரவல் மின்னோட்டமோ நேரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் மெதுவாகவே குறையும். சில பத்து மில்லிநொடிகள் காத்திருந்து அளந்தால் எஞ்சுவது பெரும்பாலும் நமக்கு வேண்டியதே. வேறுபாட்டுத் துடிப்பு முறை இப்படித்தான் 10⁻⁷ மோலாருக்கும் கீழே போகிறது. இதில் அலைக்குப் பதிலாக முகடு வரும். இரண்டு எலக்ட்ரான் வினைக்கு அதன் பாதி உயர அகலம் சுமார் 45 மில்லிவோல்ட்.

இரண்டாவது வழி, அளக்கும் முன் சேர்த்துவைப்பது. தொங்கும் பாதரசத் துளியிலோ மெல்லிய படலத்திலோ −1.0 வோல்ட்டை ஒட்டி, கரைசலைக் கலக்கிக்கொண்டே சில நிமிடங்கள் வைத்தால், ஈயமும் காட்மியமும் பாதரசத்துக்குள் இரசக்கலவையாகக் குவிகின்றன. பிறகு கலக்குவதை நிறுத்தி, கரைசல் அடங்கியதும் மின்னழுத்தத்தை நேர்த்திசையில் நகர்த்தினால், ஒவ்வொன்றும் தன் இடத்தில் கூர்மையான முகடாக வெளியேறுகிறது. இந்தப் படிவு நீக்க முறையில் 10⁻⁹ மோலார் வரையும் அதற்குக் கீழேயும் போகலாம். படிவுக் காலமும் கலக்கும் வேகமும் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். குவிவது கரைசலில் உள்ளதில் ஒரு சிறு பகுதிதான்.

பாதரசத்தைக் கையாளத் தயங்குபவர்கள் இப்போது கார்பன் மின்வாயின் மேல் பிஸ்மத் படலம் இட்டுப் பயன்படுத்துகிறார்கள். 2000-இல் அறிமுகமான இந்தப் படலம் ஈயத்துக்கும் காட்மியத்துக்கும் நன்றாகவே உதவுகிறது. செம்பைத் தேடுபவர்கள் கவனிக்கவும்: பிஸ்மத்தும் செம்பும் வெளியேறும் இடங்கள் மிக அருகருகே.

பிப்ரவரி 14

மாதிரி சேர்க்காத வெற்றுக் கரைசலிலேயே துத்தநாக முகடு வருகிறது என்று கேட்டவருக்கு: வராவிட்டால்தான் வியக்க வேண்டும். ரப்பரில் துத்தநாக ஆக்சைடு உண்டு. கலத்தின் ரப்பர் அடைப்பான், ரப்பர் குழாய், துணை மின்பகுளியாக இட்ட உப்பு என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள்.

மாதிரியில் செம்பும் இருந்தால் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. பாதரசத்துக்குள் இரண்டும் சேர்ந்து ஓர் உலோகச் சேர்மத்தை ஆக்கிக்கொள்வதால் துத்தநாக முகடு குட்டையாகி, செம்பின் முகடு வளர்ந்துவிடும். கரைசலில் சிறிது காலியத்தைச் சேர்த்தால் அது செம்போடு முந்திச் சேர்ந்துகொண்டு துத்தநாகத்தை விடுவிக்கிறது.

பிப்ரவரி 17

"ஊடகம் மாறினால் இடம் மாறும் என்பது இந்த முறையின் குறை அல்லவா?" என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. எனக்கு அது இந்த முறையின் செல்வமாகவே தோன்றுகிறது. அணைவு உண்டாக்கும் ஈனியின் (உலோக அயனியைச் சுற்றிப் பிணையும் மூலக்கூறு அல்லது அயனியின்) செறிவைப் பத்து மடங்கு உயர்த்தும்போது அரைஅலை மின்னழுத்தம் எத்தனை மில்லிவோல்ட் நகர்கிறது என்று பார்த்தால், ஓர் உலோக அயனியைச் சுற்றி எத்தனை ஈனிகள் இருக்கின்றன என்பது தெரியும். நகர்வின் மொத்த அளவிலிருந்து அணைவின் நிலைப்பு மாறிலி கிடைக்கும். அம்மோனியா–அம்மோனியம் குளோரைடு ஊடகத்தில் காட்மியம் −0.81 வோல்ட்டுக்கும் துத்தநாகம் −1.35 வோல்ட்டுக்கும் போய்விடுகின்றன. செம்பு அங்கே −0.24, −0.51 என்று இரண்டு அலைகளாகப் பிரிகிறது, ஏனென்றால் ஒற்றை மின்சுமை கொண்ட செம்பையும் அம்மோனியா நிலைநிறுத்திவிடுகிறது. ஓர் அயனிக்கு ஓர் அலை என்று எண்ணி வைத்தவர் இங்கே இரண்டு உலோகங்களை அறிக்கையில் எழுதிவிடுவார்.

இதன் மறுபக்கமே நடைமுறையில் அதிகம் தொல்லை தருகிறது. ஆற்று நீரிலுள்ள ஈயத்தின் ஒரு பகுதி, மட்கிய கரிமப் பொருள்களோடு இறுகப் பிணைந்திருக்கும். மின்வாய்க்கு அருகே விரைவில் பிரிந்துவரக்கூடிய பகுதியை மட்டுமே படிவு நீக்க முகடு காட்டும். அமிலம் சேர்த்துச் செரித்தோ புறஊதா ஒளியால் கரிமத்தைச் சிதைத்தோ அளந்தால்தான் மொத்த ஈயம் வெளிப்படும். இரண்டு அளவுகளும் வேறுபடும், இரண்டுமே சரியானவை. எத்தகைய நீரானாலும் தரக்கரைசலை மாதிரிக்குள்ளேயே தெரிந்த அளவில் சேர்த்து உயரம் எவ்வளவு கூடுகிறது என்று பார்ப்பதையே நான் விரும்புவேன். தனிக் குடுவையில் வரைந்த அளவீட்டுக்கோடு, மாதிரியிலுள்ள பசைப்பொருள்கள் மின்வாயை மூடுவதை அறியாது. உயரம் கூடும்போது முகடு பிளவுபடாமல் அதே இடத்தில் வளர்ந்தால், அடையாளத்துக்கும் அது துணைச் சான்று.

பெர்குளோரேட்டு ஊடகத்தைப் பயன்படுத்துவோருக்கு ஒரு வார்த்தை. கலோமெல் மின்வாயின் பொட்டாசியம், பெர்குளோரேட்டைச் சந்திக்கும் இடத்தில் கரையாத வெண்ணிற உப்பாகப் படிந்து நுண்துளை அடைப்பை மூடிவிடும். எல்லா அலைகளும் ஒன்றாக ஒரே பக்கம் நகரத் தொடங்கினால், அயனிகளைச் சந்தேகிக்கும் முன் அந்த நுனியைப் பாருங்கள். எங்கள் ஆய்வகத்தில் இதற்காகப் பொட்டாசியம் குளோரைடுக்குப் பதில் சோடியம் குளோரைடு நிரப்பிய மின்வாய் ஒன்று தனியே இருந்தது.

பிப்ரவரி 18

வரைபடத்தின் அச்சுகள் எந்தப் பக்கம் போக வேண்டும் என்ற சண்டையில் நான் கலந்துகொள்ளப் போவதில்லை. பழைய போலரோகிராபி வரைபடங்களில் வலப்பக்கம் போகப் போக மின்னழுத்தம் எதிர்மமாகும், ஒடுக்க மின்னோட்டம் மேல்நோக்கி இருக்கும். இன்றைய பன்னாட்டு வழக்கு இரண்டையும் தலைகீழாக்கிவிட்டது. மென்பொருளில் இரண்டுக்கும் பொத்தான் உண்டு. ஒரே அறிக்கையில் இரண்டையும் அழுத்தாமல் இருந்தால் போதும்.

பிப்ரவரி 19

கண்ணாடிக் கார்பன் மின்வாயில் அலைக்குப் பின் சமதளம் வராமல் முகடு வருவது ஏன் என்ற ஒருவரின் கேள்வி பதிலின்றிக் கிடக்கிறது. அங்கே துளி விழுவதில்லை. அதே பரப்பின் அருகே அயனி தீர்ந்துகொண்டே போவதால் மின்னோட்டம் உச்சம் தொட்டுக் கீழிறங்குகிறது. மின்வாயைச் சுழற்றினால் சமதளம் திரும்பி வரும். சுழற்றாமல் மின்னழுத்தத்தை முன்னும் பின்னும் நகர்த்தினால் முகட்டின் உயரம் நகர்த்தும் வேகத்தின் வர்க்கமூலத்தோடு உயர வேண்டும். ஒற்றை எலக்ட்ரான் மீள்வினையில் போகும் முகடும் திரும்பும் முகடும் 25 பாகையில் சுமார் 57 மில்லிவோல்ட் விலகி நிற்கும். பாதரசக் குப்பியை உயர்த்திப் பார்த்த சோதனையின் இடத்தில் இன்று இருப்பது இந்த வேக மாற்றம்தான்.

பிப்ரவரி 23

கேள்வி கேட்டவரே மீண்டும் வந்து, உலோகங்களை ஒப்புக்கொள்வதாகவும், குளோரைடு, அயோடைடு போன்ற எதிரயனிகளுக்காவது அட்டவணை போதும் அல்லவா என்றும் கேட்கிறார். அங்கே நிலைமை இன்னும் மோசம். அந்த அலைகள் ஹாலைடு தன் எலக்ட்ரானை இழப்பதால் வருபவை அல்ல. பாதரசம் ஆக்சிஜனேற்றம் அடைந்து, ஹாலைடோடு சேர்ந்து கரையாத உப்பாகப் படிவதால் வருபவை. ஹாலைடு எவ்வளவு உறுதியாகப் பாதரசத்தைப் பிடிக்கிறதோ அவ்வளவு எதிர்ப் பக்கத்தில் அலை தொடங்கும். ஆகவே அயோடைடு முதலில், பிறகு புரோமைடு, பிறகு குளோரைடு. கரையாத உப்பு உண்டாவதால் இந்த அலைகளின் அரைஅலை மின்னழுத்தம் செறிவோடு சேர்ந்து நகரும்: எவ்வளவு இருக்கிறது என்பது தெரியாமல் எது இருக்கிறது என்பதைக்கூட அட்டவணையில் தேட முடியாது.

புளோரைடு இந்த வரிசையில் சேராது. அது பாதரசத்தோடு கரையாத உப்பையோ உறுதியான அணைவையோ தருவதில்லை என்பதால் அலையே வராது. அதற்கு லாந்தனம் புளோரைடுப் படிக மின்வாயைத்தான் நாட வேண்டும். அந்த அளவீட்டில் மின்னோட்டம் ஓடவே கூடாது என்பதால், அதைப் பற்றிய கேள்விகளுக்கு வேறொரு இழை திறந்துகொள்ளுங்கள்.